கை மட்டும் தெரியும் கண்ணாடி

எந்தக் கடைக்குள் போனாலும் நான் முதலில் அண்ணாந்து பார்ப்பேன். துணியையோ விலையையோ பார்ப்பதெல்லாம் பிறகுதான். கேமராவை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எனக்குக் கால் நகரும். வாசலுக்கு மேல் ஒன்று இருக்கும். கல்லாவுக்கு மேல் ஒன்று, வேலை செய்யும் பெண்கள் நிற்கிற இடத்துக்கு நேரே ஒன்று. அதியமான்கோட்டை ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கே மாட்டியிருப்பது பெட்ரோல் போடுகிற பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலாளி உட்காரும் அறைக்குள் மட்டும் ஒன்றையும் காணோம். பக்கத்திலேயே நம் பாதுகாப்புக்காக என்று ஒரு பலகை வேறு. படிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தச் சாமான் எல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்னால், எழுபதுகளின் தொடக்கத்தில், தருமபுரிக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் இந்த வேலையை நான் பார்த்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்தேன். அதனால் இவற்றின் மேல் எனக்கு இருப்பது வெளியாள் வெறுப்பு அல்ல. கூட வேலை பார்த்தவளின் வெறுப்பு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கட்டிக்கொடுத்த வீட்டில் இரண்டு வருடம் உதை வாங்கிவிட்டு, தாலியைக் கழற்றி மாமியார் வீட்டுச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு வந்தவள் நான். தெருவில் என்னை வாழாவெட்டி என்பார்கள், என் காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள். அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் தங்கையும்தான். தங்கைக்கு மூன்று இடம் வந்து, மூன்றும் என் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தன. அவள் ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடை முதலாளி தெற்கே எங்கிருந்தோ வந்து பெரிதாகக் கடை போட்டவர். புடவைப் பக்கத்துக்குப் பொம்பளை ஆள் இருந்தால் நல்லது என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் மாதம் பாயில் உட்கார்ந்து புடவை எடுத்துப் போட்டேன். எனக்கு அது நன்றாக வந்தது. ஒரு நாள் முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டத்தில் ஒருத்தி என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்துப் பையனிடம், "நீ எடுத்துப் போடு தம்பி. இந்தம்மா கையி வேணாம்" என்றாள். முதலாளி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"கல்யாணத்துக்கு வாங்க வர்றவங்க முன்னாடி நீ உக்கார வேணாம். கை ஆகாதுன்னா என்னம்மா, கண்ணு நல்லாத்தானே இருக்கு? பின்னாடி உக்காந்து பாரு" என்றார்.

அவர் எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். இப்படிப்பட்டவர்களைத்தான் என்னால் தாங்க முடியாது.

அவருடைய மச்சான் சேலம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். பம்புக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு லாரிக் கண்ணாடியைக் கட்டி, உள்ளே நாற்காலியில் சாய்ந்தபடியே பையன்கள் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்து நம் ஆளுக்கு ஆசை வந்துவிட்டது. மூடிப்போன ஒரு சலூனிலிருந்து மூன்று பெரிய கண்ணாடிகளை வாங்கிவந்தார். ஒன்றை வாசலுக்கு மேல் உள்பக்கம் பார்த்த மாதிரி மாட்டினார். ஒன்றைத் தூணில் மாட்டினார். மூன்றாவது, புடவைப் பாய்க்கு நேர் எதிரே. ஆணி அடிக்க வந்தவரை அரை நாள் நிற்க வைத்து, இன்னும் கொஞ்சம் சாய், இன்னும் கொஞ்சம் சாய் என்று தலைகீழாகத் தொங்குகிற அளவுக்குச் சாய்க்க வைத்தார்.

எனக்கு ஒரு முக்காலி. தூணுக்குப் பின்னால், ரவிக்கைத் துணி அடுக்கு மறைக்கிற இடத்தில். அங்கே உட்கார்ந்தால் வாங்க வருகிறவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவர்களுடைய மடி தெரியும், கை தெரியும், பை தெரியும், எழுந்து நடந்தால் பாதம் தெரியும். கழுத்துக்கு மேலே கண்ணாடி முடிந்துவிடும். இரண்டாம் நாளே சொன்னேன்.

"மொகம் தெரியலைங்களே."

"மூஞ்சி எதுக்கு? மூஞ்சி எல்லாருக்கும் நல்ல மூஞ்சியாத்தான் இருக்கும். கையைப் பாரு."

கையில் ஒரு மீட்டர் கோல் கொடுத்தார். நுனியில் பித்தளைப் பூண் போட்டது. சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் தரையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். வாசலில் நிற்கும் காவல்காரர் உடனே இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்துவார். பொம்பளைகள் மேல் ஆண்கள் கை வைக்க முடியாது இல்லையா, அதனால் நான் எழுந்து போய்ச் சோதிக்க வேண்டும். யாரைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்றும் பாடம் நடத்தினார். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வாயும் வயிறுமாக வருகிறவர்கள், துணிப்பை கொண்டுவருகிறவர்கள். பட்டுப்புடவை கட்டி வருகிறவர்களை விட்டுவிடலாம். அவர் வீட்டு அம்மா வாரம் ஒரு தடவை வந்து கேட்காமலே இரண்டு புடவையை உருவிக்கொண்டு போவார். அந்த மூலையைப் பார்க்கக் கண்ணாடி கிடையாது.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டு மாதத்தில் இரண்டு பேரைப் பிடித்தேன். ஒருத்தி குழந்தையைச் சுற்றிய துண்டுக்குள் ரவிக்கைத் துணி வைத்திருந்தாள். நான் கையை விட்டு எடுத்தபோது குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு முதலாளி எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார். என் கையை வேண்டாம் என்று சொன்ன ஊரில் என் கண்ணுக்கு ஒரு மரியாதை கிடைத்தது. பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்குப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. விவசாயக் குடும்பம், நல்ல பையன். பெண் பார்க்க வந்த அன்று அம்மா என்னைச் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். நானும் மூச்சு விடாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா குரல் கேட்டது.

"பெரிய பொண்ணு ஒண்ணு இருக்குதாமே, அது எங்கீங்க? அதையும் கூப்புடுங்க."

அம்மா ஏதோ முனகினாள். அந்தம்மா தானாகவே எழுந்து வந்து கதவைத் திறந்து, என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கொண்டுவந்திருந்த கனகாம்பரத்தில் ஒரு கண்ணி கிள்ளி என் தலையில் வைத்தார். அம்மா பதறினாள்.

"அவ பூ வெக்கறதில்லீங்க."

"பூ வெக்கறதுக்கு யாரைக் கேக்கோணும்? அடிச்சவன் வூட்டை விட்டு வந்தது இதும்மேல குத்தமா? அதுக்காகச் சின்னதை யாரும் கட்டமாட்டேன்னா, அது அவங்களுக்குத்தான் நட்டம்" என்றார்.

அன்று இரவு தங்கை என் தலைப் பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இந்த இடமும் போனால் அவளுக்கு வேறு இடம் வராது என்று மூன்று பேருக்கும் தெரியும். வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது. கூரைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். எங்கே எடுப்பார்கள், எப்போது எடுப்பார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பெண் வீட்டார் கேட்கவும் கூடாது.

வைகாசி முகூர்த்தக் கூட்டத்தில் கடை திணறியது. அன்று காலையிலிருந்து நான் முக்காலியை விட்டு எழவில்லை. பத்து மணி சுமாருக்கு எதிர்க் கண்ணாடியில் மூன்று பொம்பளைகள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். மூன்று மடி, ஆறு கை. கூட்டத்து இரைச்சலில் யார் குரலும் தனியாகக் காதில் விழவில்லை. நடுவில் இருந்தவருடைய கையில் பச்சைக் கண்ணாடி வளையல், நகக்கண்ணில் மண் ஏறிய விவசாயக் கை. கடைப் பையன் புடவைகளை எடுத்துப் போட்டான். அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒரு புடவையில் அந்தக் கை நின்றது. பையன் இன்னொரு அடுக்கை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினான். அந்த நேரம் பார்த்து அந்தக் கைகள் புடவையைத் தூக்கி மடியில் வைத்தன. முந்தானையை இழுத்து மேலே மூடின. முந்தானை நுனியை இடுப்பில் செருகின. மடி எழுந்தது. மெட்டி போட்ட பாதம் வாசலைப் பார்த்து நடந்தது.

நான் யோசிக்கவில்லை. இரண்டு தட்டுத் தட்டினேன்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. முதலாளி கல்லாவிலிருந்து, "வாம்மா, வந்து மடியைப் பாரு" என்று கூப்பிட்டார். கோலை வைத்துவிட்டுத் தூணைச் சுற்றி வெளியே வந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம், மடியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தவர் என் தங்கையின் மாமியாராகப் போகிறவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் கூரைப்புடவையை மாப்பிள்ளை வீட்டு மூத்தவள் மடியில் வாங்க வேண்டும். யார் கண்ணும் படாமல் முந்தானையால் மூட வேண்டும். வாசற்படிக்குக் கொண்டுபோய் முதலில் வெயிலுக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் விலை பேசுவது. தெற்கத்தி முதலாளிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். என் கூரைப்புடவையும் அப்படித்தான் ஒருத்தி மடியில் வெயிலுக்குப் போனது. எட்டு மாதமாக மடியில் எது வைத்தாலும் திருட்டு என்று பார்த்துப் பார்த்து, சொந்த வழக்கம் என் கண்ணை விட்டுப் போயிருந்தது.

"நீயாம்மா தட்டுனது?" என்றார் அந்தம்மா. கோபமே இல்லை. நம்ப முடியாமல்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "என்ன பார்த்தே? சொல்லு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. தப்பு என்னுடையது, இது எங்கள் பக்கத்து வழக்கம், கதவைத் திறங்கள். அதைச் சொன்னால் வேலை போகும். இந்தக் கல்யாண நேரத்தில் வீட்டில் வருகிற சம்பளம் என்னுடையது ஒன்றுதான். இப்படியெல்லாம் இப்போது காரணம் சொல்லிக்கொள்கிறேன். அன்று காரணம் ஒன்றும் தோன்றவில்லை, பயம்தான் இருந்தது.

"மடியில வெச்சு மூடுனதைப் பாத்தேனுங்க" என்றேன்.

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கண்ணாடி சொல்வதும் அப்படித்தான்.

"எடு" என்றார் முதலாளி. என் கை நீண்டது. உண்மையாகவே நீண்டது. அந்தம்மா ஒரு அடி பின்னால் போனார்.

"நீ கை வெக்க வேணாம்."

முந்தானையை விலக்கி, மடியை அவிழ்த்தார். புடவை நழுவி, ஆயிரம் பேர் மிதித்த படிக்கல்லில் விழுந்து பாதி பிரிந்தது. கம்பிக் கதவு வழியாக வந்த வெயில் கோடு கோடாக அதன் மேல் விழுந்தது. நல்ல நிறம். தங்கைக்கு எடுப்பாக இருந்திருக்கும்.

"வெயில்ல பாக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். எங்க பக்கம் அப்படித்தான். உங்க பக்கமும் அப்படித்தான்னு நெனைச்சேன். நீ வேலை செய்யற கடையாச்சே, இங்கியே எடுப்போம்னு வந்தம்மா" என்றார்.

முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வியாபாரம்னா அப்படித்தான். டேய், அம்மாவுக்கு ஒரு கலர் கொண்டாடா" என்றார். பையன் ஓடிப்போய்ச் சோடாக்கடைக் கலரைக் கொண்டுவந்து நீட்டினான். யாரும் வாங்கவில்லை. கூட வந்த இரண்டு பொம்பளைகள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அந்தம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டார்கள். காவல்காரர் கதவைத் திறந்தார். எதிர் டீக்கடையில் காத்திருந்த அவர்கள் வீட்டு ஆண்கள் என்ன என்று கேட்டபோது அந்தம்மா, "நெறம் புடிக்கலை. வேற கடைக்குப் போலாம்" என்று சொல்வது என் காதில் விழுந்தது.

அந்த ஒரு வார்த்தையில் என் தங்கையின் கல்யாணம் நிற்குமா நடக்குமா என்பது முடிவாகிவிட்டது. ஆண்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே உறவு அறுந்திருக்கும். அந்தம்மா சொல்லவில்லை. குறித்த நாளில் கல்யாணம் நடந்தது, சேலத்தில் எடுத்த வேறொரு புடவையில். கூரைப்புடவையை மடியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய இடத்தில், அவர் அதைத் தாம்பாளத்தில் வைத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினார். கூட்டத்தில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. நான் பின்வரிசையில் நின்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பந்தியில் என் இலைக்கு எதிரே வந்தபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலாளி என்ன செய்தார் தெரியுமா? அந்தம்மா எனக்கு உறவு என்று தெரிந்ததும் அவருக்குப் புதுச் சந்தேகம் வந்துவிட்டது. "தெரிஞ்ச ஆளுன்னா நீ தட்டாம வுட்டுட்டா?" என்றார். தட்டியதற்குத்தான் நான் செத்துக்கொண்டிருந்தேன், அந்த ஆள் தட்டாமல் விடுவதைப் பற்றிக் கவலைப்படுகிறார். நாலாவதாக ஒரு கண்ணாடி வந்தது. அது என் முக்காலியைப் பார்த்தது. அதிலும் என் முகம் தெரியாது. கோலும், கோலைப் பிடித்த கையும் தெரியும். அதன் கீழே இன்னும் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தேன். விட்டெறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை.

தங்கைக்கு விஷயம் மெல்லத் தெரிந்தது. அன்று கூட வந்த இரண்டு பேரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆடிக்கு அழைத்துவந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "மெய்தானாக்கா?" நான் தலையை ஆட்டினேன். "அவங்க என்னை ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லக்கா" என்றாள். வழக்கமாக என் பக்கத்தில் பாய் போடுகிறவள் அன்று அம்மா பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

மறு வருடம் எங்கள் வீட்டில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. ஒன்பதாம் நாள் காலையில் பேரனைப் பார்க்க மாமியார் வந்தார். கடைக்கு லீவு சொல்லிவிட்டு நான் வீட்டில் இருந்தேன். ஒரு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்த மன்னிப்பை அன்று எப்படியும் கேட்டுவிடுவது என்று இருந்தேன். உட்காரப் பாய் விரித்தேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்தார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அத்தைங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் கேட்காத மாதிரி தங்கை பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். தங்கை குழந்தையைக் கொடுத்தாள். மடியில் வாங்கினார். வீட்டுக்குள் இருட்டு, முகம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துக் குழந்தை மேல் மூடி, நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். வாசலை நோக்கி நடந்தார்.

வாசற்படி வரைக்கும் போனவர் நின்றார். திரும்பினார். ஒரு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"வெயில்ல பாக்கத்தான் எடுத்துட்டுப் போறேன். தட்டிப்புடாத" என்றார்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளுக்குக் கடையில் நடந்தது தெரியாது. என்னைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெளியே அவர் முந்தானையை விலக்கியிருக்க வேண்டும், குழந்தை கண் கூசிச் சிணுங்குவதும், அவர் கொஞ்சுவதும் கேட்டது. திரும்பி உள்ளே வந்தபோது குழந்தையை வாங்க நான் இரண்டு கையையும் நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய்த் தங்கையின் பக்கத்தில் படுக்க வைத்தார்.